உங்களுக்குத் தெரியுமா? 6-ஐ 2-ஆல் வகுத்தால் மூன்றா, மூன்று புள்ளி பூஜ்யமா?

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளைப் படித்து முடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரிந்த சமாசாரம்தானே என்று சொல்லிக்கொடுப்பவரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார். பின்னால் அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிழைகளில் பல, அந்தக் குறிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. விடை எவ்வளவு என்று பார்க்கிறோம். விடை என்ன இனம் என்று பார்ப்பதில்லை. கணினிக்கு 3 வேறு, 3.0 வேறு. எந்த இனத்தில் விடை வரும் என்பதை முடிவு செய்வது நடுவில் நிற்கும் செயற்குறியும் அதன் இரு பக்கமும் நிற்கும் எண்களும். பாடப்புத்தகங்கள் மிதப்புப் புள்ளி எண் என்பதை, படிக்க இலகுவாக இருக்கட்டும் என்று இங்கே தசம எண் என்றே எழுதுகிறேன்.

★ பைத்தானில் 6 / 2 என்று தட்டினால் வருவது 3 அல்ல, 3.0. மீதியில்லாமல் வகுபட்டாலும் அப்படித்தான். இரண்டு முழு எண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் முழு எண்ணே கிடைக்கும். ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் மட்டும் விடை எப்போதும் தசம எண்.

★ இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். 3 == 3.0 என்று கேட்டால் பைத்தானும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஆனால் ஒரு வேலையை மூன்று முறை செய்யச் சொல்லி ரேஞ்ச் கட்டளைக்குள் 6 / 2 என்று கொடுத்துப் பாருங்கள். தசம எண்ணை முழு எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பிழைச்செய்தி வரும். ஒரு பட்டியலின் நடு உறுப்பை எடுக்க அதன் நீளத்தை / குறியால் வகுத்தாலும் இதே கதி. தெருவில் மூன்றாவது வீடு உண்டு, 3.0-ஆவது வீடு கிடையாது.

★ ஈவு மட்டும் வேண்டும் என்றால் இரட்டைச் சாய்கோடு, மீதி மட்டும் வேண்டும் என்றால் சதவீதக் குறி. 135 நிமிடப் படம் எத்தனை மணி நேரம் ஓடும்? 135 // 60 என்றால் 2, 135 % 60 என்றால் 15. இரண்டு மணி பதினைந்து நிமிடம். 135 / 60 என்று போட்டால் 2.25 வரும்; அதைச் சுவரொட்டியில் அச்சிட முடியாது.

★ இரட்டைச் சாய்கோடு போட்டால் முழு எண் வரும் என்று பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி. 7.0 // 2 என்று கொடுங்கள், 3.0 வரும். மதிப்பு கீழிறங்கிவிட்டது, இனம் இறங்கவில்லை. ஒரு துளி உறைமோர் விழுந்தால் குடம் பாலும் தயிராவதுபோல, கணக்கில் ஒரே ஒரு தசம எண் கலந்தால் போதும், பைத்தானில் அதன் விடையும் தசமமாகிவிடும். 1000000 + 0.0 கூட அப்படித்தான்.

★ -7-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு என்ன? பைத்தானில் -7 // 2 என்றால் -4. சி மொழியிலும் ஜாவாவிலும் -7 / 2 என்றால் -3. இரண்டிலும் பிழையில்லை. உண்மையான விடை -3.5, பைத்தான் எண்கோட்டில் இடப்பக்கமாக, அதாவது இன்னும் சிறிய முழு எண்ணுக்கு இறங்குகிறது. சி மொழி புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்து பூஜ்யத்தை நோக்கி வருகிறது. 1999-ஆம் ஆண்டுத் தரநிலை வரும்வரை, குறை எண்ணை வகுக்கும்போது எந்தப் பக்கம் போவது என்பதை சி மொழியில் ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்றே விட்டிருந்தார்கள்.

★ இந்த வித்தியாசம் மீதியிலும் தெரியும். இப்போது அதிகாலை 2 மணி. ஐந்து மணி நேரத்துக்கு முன் மணி என்ன? பைத்தானில் (2 - 5) % 24 என்றால் 21, அதாவது இரவு 9 மணி. அதே வரியை ஜாவாவில் எழுதினால் -3 வரும். எந்தக் கடிகாரத்திலும் -3 மணி இல்லை. பைத்தானில் மீதியின் குறி வகுக்கும் எண்ணைப் பின்பற்றுகிறது, ஜாவாவில் வகுபடும் எண்ணைப் பின்பற்றுகிறது. கடிகாரமும் நாட்காட்டியும் எழுதுகிறவர்களுக்குப் பைத்தானின் வழிதான் உதவி என்பது என் கருத்து.

★ கீழே இறக்கும் குறியை வைத்தே மேலேயும் ஏற்றலாம். 47 பேர் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் 10 பேர் உட்காரலாம். 47 // 10 என்றால் 4 வேன். ஏழு பேர் வாசலில் நிற்பார்கள். -(-47 // 10) என்று எழுதுங்கள். -4.7 கீழிறங்கி -5 ஆகிறது, வெளியே இருக்கும் கழித்தல் குறி அதை 5 ஆக்குகிறது. முழு எண்ணாகவே வருகிறது, தசமத்தைத் தொடவே இல்லை.

★ தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ படிக்கிறார்கள், பன்னிரண்டில் பைத்தான். அதாவது 7 / 2 என்ற அதே எழுத்துக்கு முதல் ஆண்டு 3 என்றும் அடுத்த ஆண்டு 3.5 என்றும் விடை எழுத வேண்டும். சி++-இல் இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்; ஒரு பக்கமாவது 2.0 என்று புள்ளி வைத்தால்தான் 3.5. இந்த ஒரு வரியை ஆசிரியர் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மாணவருக்கு ஓராண்டுக் குழப்பம் மிச்சம்.

★ பைத்தானும் முதலில் சி வழியில்தான் போனது. பைத்தான் 2-இல் 7 / 2 என்றால் 3. சி மொழியில் அது பெரிய ஆபத்தில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மாறியும் இன்ட் எனும் முழு எண்ணா, டபுள் எனும் தசம எண்ணா என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறோம், படிப்பவருக்கும் தெரியும். பைத்தானில் அப்படி அறிவிப்பதில்லை. சராசரி கண்டுபிடிக்கும் ஒரு சின்ன நிரல்பகுதியை எழுதி வைக்கிறீர்கள். 3.0, 4.0 என்று கொடுத்தால் சரியான விடை. இன்னொருவர் அதே பகுதிக்கு 3, 4 என்று கொடுக்கிறார். 3.5 வர வேண்டிய இடத்தில் 3 வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, நிரல் நிற்கவும் இல்லை. கணக்கு மட்டும் சத்தமில்லாமல் தப்பாகிறது. இதைத் திருத்த 2001-இல் மோஷே ஸட்காவும் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் ஒரு முன்மொழிவை எழுதினார்கள்; பைத்தான் உலகில் அது பெப் 238. ஒரே குறி இரண்டு வேலை செய்வதால்தான் சிக்கல், வேலைக்கு ஒரு குறியாகப் பிரித்துவிடுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு வெளிவந்த பைத்தான் 2.2-இல் // அறிமுகமானது. ஆனால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே! அதனால் / குறியின் பொருளை எல்லோருக்கும் மாற்றியது 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இல்தான். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றது. ஒரு சாய்கோட்டை மாற்றத் தொடங்கி, பழையதை மூட்டை கட்டப் பத்தொன்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

★ வேலைக்கு ஒரு குறி என்பது புதிய யோசனையும் அல்ல. 1960-இலேயே அல்கால் 60 மொழியில் தசம விடைக்கு / குறியும் முழு எண் விடைக்கு ÷ குறியும் தனித்தனியாக இருந்தன. 1970-இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கலில் / எப்போதும் தசமம் தரும். ஈவு வேண்டும் என்றால் டிவ் என்று சொல்லாக எழுத வேண்டும். விஷுவல் பேசிக்கில் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஈவுக்கு. இவ்வளவு முன்னோடிகள் இருந்தும் சி, ஜாவா வரிசை ஒரே குறியோடு நின்றுவிட்டது வருத்தமே.

★ பைத்தானில் பழகிய கையோடு ஜாவாஸ்கிரிப்ட் எழுதப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே // என்பது வகுத்தல் அல்ல, குறிப்புரையின் தொடக்கம். ஒரு மாறிக்கு 7 // 2 என்று மதிப்புக் கொடுத்தால், இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு இருப்பதைக் கணினி படிக்காது. மாறியில் 7 போய் உட்காரும். பிழைச்செய்தியும் வராது. ஜாவாவில் இதே தவறு நடந்தால் வரி முடிவின் அரைப்புள்ளியும் சேர்ந்து மறைந்துவிடுவதால் கம்பைலர் பிடித்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் காவல் இல்லை.

★ சி மொழியில் ஒரு மாறியை டபுள் என்று அறிவித்து, அதில் 7 / 2 என்று போட்டால் 3.5 கிடைக்குமா? கிடைக்காது, 3.0தான். வலப்பக்கக் கணக்கு முதலில் முடிகிறது. இன்ட்டை இன்ட்டால் வகுத்ததால் 3. அதற்குப் பிறகுதான் அது டபுளுக்குள் ஊற்றப்படுகிறது. உழக்கால் அளந்த பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கூடிவிடுமா? போட்டு வைக்கும் பாத்திரம் இனத்தை முடிவு செய்வதில்லை, அளக்கும் இடத்தில்தான் அது முடிவாகிறது. தொடக்க மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

★ அண்டா எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை என்பதற்கு ஜாவாவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஒரு நாளில் எத்தனை மைக்ரோவினாடி? 24 * 60 * 60 * 1000 * 1000. விடை 8,640 கோடி. லாங் என்ற 64 பிட் மாறிக்குள் அது தாராளமாக அடங்கும். ஆனால் பெருக்கப்படும் எண்கள் எல்லாம் 32 பிட் இன்ட். பெருக்கலும் இன்ட்டாகவே நடக்கிறது. உச்சவரம்பைத் தாண்டிச் சுற்றிச் சுற்றி வந்து 50,06,54,080 என்ற எண்தான் லாங்குக்குள் போய்ச் சேர்கிறது. முதல் எண்ணான 24-க்குப் பின்னால் எல் என்ற ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்தால் போதும். பெருக்கல் முழுவதும் 64 பிட்டில் நடந்து சரியான விடை வந்துவிடும்.

★ பாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்ற 32-ஐக் கழித்து 5/9-ஆல் பெருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அதை சி மொழியில் 5 / 9 * (104 - 32) என்று அப்படியே எழுதினால் விடை 0. எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் 0. காரணம், 5 / 9 என்ற முழு எண் வகுத்தலே முதலில் 0 ஆகிவிடுகிறது. 5 * (104 - 32) / 9 என்று பெருக்கலை முன்னால் கொண்டுவந்தால் 40 வரும். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி மொழி நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த வெப்பநிலைக் கணக்கு வருகிறது. பெருக்கலை ஏன் முன்னால் வைத்தோம் என்பதையும் விளக்கியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தைத் தாண்டிப் படிப்பவர்கள் பூஜ்யத்தைச் சந்தித்துவிட்டுத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

★ தரவுத்தளத்திலும் அதே குழி. 60 பேரில் 45 பேர் தேர்ச்சி, சதவீதம் எவ்வளவு? போஸ்ட்கிரெஸ்-இல் 45 / 60 * 100 என்று கேட்டால் 0 வரும். மைஎஸ்க்யூஎல்-இல் 75 வரும், ஏனென்றால் அங்கே / தசம விடை தருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நிறுவனங்கள் அறிக்கைகளை மறுபடி சரிபார்க்க வேண்டியது இதனால்தான். 100.0 * 45 / 60 என்று எழுதிப் பழகினால் இரண்டிலும் 75.

★ பிஎச்பி மொழியில் 6 / 2 என்றால் முழு எண் 3; 7 / 2 என்றால் தசம எண் 3.5. மீதியில்லாமல் வகுபட்டால் ஓர் இனம், வகுபடாவிட்டால் வேறு இனம். விடையைப் பார்க்கும்வரை இனம் தெரியாது.

★ காமன் லிஸ்ப் மொழியில் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 3-ம் வராது, 3.5-ம் வராது. 7/2 என்ற பின்னமே விடையாக வரும். மூன்றில் ஒன்றை மூன்று முறை கூட்டினால் சரியாக 1. பள்ளிக்கூடக் கணக்குக்கு மிக அருகில் நிற்பது இதுதான்.

★ பிரான்சில் உருவான ஓகேமல் மொழியில் குறியே இனத்தை அறிவிக்கிறது. முழு எண்களைக் கூட்ட வெறும் + குறி. தசம எண்களைக் கூட்ட +. என்று கூட்டல் குறிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மாறி என்ன இனம் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவே வேண்டாம். புள்ளி வைத்த குறியைப் பார்த்தவுடன் இரு பக்கமும் தசம எண்கள்தான் என்று கம்பைலர் முடிவு செய்துகொள்ளும். 1 + 2.0 என்று கலந்து எழுதினால் ஏற்காது. தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் உள்ள பொறிகளில் பாதியில் அங்கே விழவே வழியில்லை.

★ பிரேசிலில் பிறந்த லுவா மொழிக்கு நெடுங்காலம் ஒரே எண்ணினம்தான், தசமம். 2015-இல் வந்த 5.3 பதிப்பில்தான் முழு எண் தனியாக வந்தது. அதன் பிறகு 10 / 2 என்றால் 5.0, 10 // 2 என்றால் 5, 2 ^ 2 என்றால் 4.0.

★ எக்செல்-இல் 5 ^ 2 என்றால் 25. பைத்தானிலும் சி, ஜாவாவிலும் 5 ^ 2 என்றால் 7! அங்கே அது அடுக்குக் குறி அல்ல. இரு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறதோ அங்கே 1 போடும் குறி. பைத்தானில் அடுக்குக்கு இரண்டு பெருக்கல் குறி: 5 ** 2.

★ அந்த ** குறியிடம் ஒரு விசேஷம் உண்டு. 2 ** 3 என்றால் முழு எண் 8. 2 ** -1 என்றால் தசம எண் 0.5. அதே குறி, இரு பக்கமும் அதே முழு எண் இனம், ஆனால் அடுக்கு நேரா குறையா என்பதைப் பொறுத்து விடையின் இனம் மாறுகிறது. (-8) ** 0.5 என்று கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போய்க் கலப்பெண்ணாக விடை தரும்.

★ இன்புட் கட்டளையில் பயனர் 12 என்று தட்டினால் பைத்தானுக்குக் கிடைப்பது எண் அல்ல, ஒன்றும் இரண்டும் சேர்ந்த எழுத்துச் சரம். அதனால் 12-ம் 5-ம் உள்ளிட்டுக் கூட்டினால் 17 வராது, 125 வரும். 12-ஐ 3-ஆல் பெருக்கினால் 121212. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் குழப்பும்: மேற்கோளுக்குள் இருக்கும் "5"-உடன் 3-ஐக் கூட்டினால் "53", அதே "5"-இலிருந்து 3-ஐக் கழித்தால் 2. கூட்டல் குறிக்கு ஒட்டும் வேலையும் உண்டு, கழித்தல் குறிக்கு அது கிடையாது என்பதே காரணம்.

★ ஜாவாவில் பைட் என்ற சிறிய இனம் -128 முதல் 127 வரை பிடிக்கும். 10, 20 என்ற இரண்டு பைட்களைக் கூட்டி இன்னொரு பைட்டில் போட முயன்றால் கம்பைலர் மறுக்கும். 30 அடங்காதா? அடங்கும். ஆனால் பைட்டும் பைட்டும் சேர்ந்தால் விடை இன்ட் என்பது ஜாவாவின் விதி. இதில் வேடிக்கை, += குறியைப் பயன்படுத்தினால் அதே கம்பைலர் வாய் திறக்காது. 127 இருக்கும் பைட்டில் += 1 போட்டால் -128 ஆகிவிடும்.

★ ஜாவாவில் 'அ' + 1 என்ன? 'ஆ' அல்ல, 2950. யூனிகோடில் அகரத்தின் எண் 2949. எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் எழுத்து இனம் போய் இன்ட் ஆகிவிடுகிறது. அதை மறுபடி எழுத்தாக மாற்றச் சொன்னால் ஆ கிடைக்கும். இதே தந்திரம் மெய்வரிசையில் பலிக்காது. ககரத்தின் எண் 2965; அதோடு 1 கூட்டினால் வரும் 2966-இல் தமிழ் எழுத்து எதுவும் இல்லை, ஙகரம் 2969-இல் இருக்கிறது. பிற இந்திய மொழிகளில் க-வுக்குப் பின்வரும் மூன்று எழுத்துகளுக்கான இடங்கள் தமிழ் அட்டவணையில் காலியாக விடப்பட்டிருக்கின்றன.

★ 32 பிட் இன்ட்டின் உச்சவரம்பு 2147483647, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஜாவாவில் அதோடு 1 கூட்டினால் -2147483648. பைத்தானின் முழு எண்ணுக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. நினைவகம் உள்ளவரை வளரும். 2 ** 100 கேட்டால் 1267650600228229401496703205376 என்று கடைசி இலக்கம்வரை தரும்.

★ அந்த உச்சவரம்பு கெட்டிக்காரர்களையும் விழுத்தியிருக்கிறது. வரிசைப்படுத்திய பட்டியலில் பாதியாய்ப் பாதியாய்ப் பிரித்துத் தேடும் முறையை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்கிறது. நடு இடத்தைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பட்டியலில் ஏறக்குறைய 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், வகுப்பதற்கு முன்பே கூட்டல் வழிந்து குறை எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டு இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தாமாகவே அதை வெளிப்படையாக எழுதினார். திருத்தம் சிறியது: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கி அதைத் தொடக்கத்தோடு கூட்ட வேண்டும். தன் பிழையைத் தானே ஊரறியச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

★ போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால், அவற்றுக்குள் இருக்கும் மென்பொருள் எண்ணி வழிந்து மின்சாரம் நின்றுபோகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் உத்தரவு வெளியிட்டது. 2147483647-ஐ நூறில் ஒரு வினாடிகளாக எண்ணி நாட்களாக்கிப் பாருங்கள். 248 நாளும் கொஞ்சமும் வரும்.

★ சி மொழியில் -1, 1-ஐ விடச் சிறியதா? அந்த 1 குறியில்லாத இனமாக இருந்தால் இல்லை. இரண்டு இனம் கலக்கும்போது -1-உம் குறியில்லாததாக மாற்றப்பட்டு, 32 பிட்டில் 4294967295 ஆகிவிடுகிறது.

★ 0.1 + 0.2 என்றால் பைத்தானில் 0.30000000000000004. கணினி பழுதில்லை. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதுபோல, பத்தில் ஒன்று இரண்டடிமான எண்முறையில் முடிவதே இல்லை. எங்கேயோ வெட்ட வேண்டியிருக்கிறது. 0.5 + 0.25 மட்டும் துல்லியமாக 0.75 வரும், அவை இரண்டின் அடுக்குகளால் ஆனவை. தசம எண்களை எல்லாக் கணினிகளும் ஒரே விதமாகக் கையாள வகை செய்த ஐ-ட்ரிபிள்-இ 754 தரநிலை 1985-இல் வந்தது. அதற்கு அடித்தளமிட்ட வில்லியம் கஹான் 1989-இல் டூரிங் விருது பெற்றார்.

★ 19.99 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். அதை முழு எண்ணாக்கும் இன்ட் கட்டளைக்குக் கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 1998 என்று தரும். ஒரு பைசா காணாமல் போயிற்று. கடைக்கணக்கு எழுதுகிறவர்கள் தொகையை முதலிலிருந்தே பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

★ 9007199254740992. இந்த எண்ணோடு ஜாவாஸ்கிரிப்டில் 1 கூட்டினால் அதே எண்தான் திரும்பி வரும். 64 பிட் தசம எண்ணில் இலக்கங்களுக்கு 53 பிட்தான் இடம். இரண்டின் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கு அங்கே இடமில்லை. பைத்தானிலும் ஒரு பெரிய முழு எண்ணை / குறியால் வகுத்தால் இதே இழப்பு நேரும். 10 ** 400 என்ற எண்ணை // 2 என்று வகுத்தால் ஒழுங்காக விடை வரும். / 2 என்று வகுத்தால் தசம எண்ணுக்குள் அடங்காது என்று பிழைச்செய்தி. பெரிய எண்களோடு வேலை செய்யும்போது ஒற்றைச் சாய்கோட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

★ பத்தில் ஒன்று என்ற எண்ணின் துல்லியமின்மைக்கு மனித உயிர்களே விலையான நாள் 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமைந்திருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக முழு எண்ணில் எண்ணி, அதைப் பத்தில் ஒன்றால் பெருக்கி வினாடியாக்கியது. அந்தப் பெருக்கலில் பத்தில் ஒன்று 24 பிட்டுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஒரு பெருக்கலில் கண்ணுக்கே தெரியாத பிழைதான். அமைப்பு 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 வினாடியாக வளர்ந்துவிட்டது. ஸ்கட் ஏவுகணை அவ்வளவு நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியட் தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள்.

★ பூஜ்யத்தால் வகுத்தால்? ஜாவாவில் இன்ட் என்றால் 1 / 0 நிரலை நிறுத்திவிடும், 1.0 / 0 என்றால் முடிவிலி என்று விடை கொடுத்துவிட்டு மேலே ஓடும். 0.0 / 0 என்றால் 'நான்' (NaN) எனப்படும் 'எண் அல்லாதது'. அது தனக்குத் தானே சமமில்லை. பைத்தான் இரண்டு இனத்திலும் நிறுத்திவிடுகிறது.

★ பைத்தானில் ட்ரூ + ட்ரூ என்றால் 2. உண்மை, பொய் இரண்டும் அங்கே முழு எண் இனத்தின் கிளைகள். ட்ரூ / ட்ரூ என்றால், இப்போது நீங்களே சொல்லியிருப்பீர்கள், 1.0.

★ 5.5 % 2 பைத்தானில் 1.5 தரும். சி மொழியில் % குறி தசம எண்களை ஏற்காது, கம்பைலரே தடுத்துவிடும்.

★ பைத்தானைத் திறக்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: 8 / 4, 8 // 4, 8.0 // 4, -9 // 4, -9 % 4, 4 ** 0.5, 3 ** -1. ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்புக்கு ஒரு பத்தி, இனத்துக்கு ஒரு பத்தி. இரண்டையும் ஊகித்து எழுதிய பிறகு டைப் கட்டளையால் சரிபாருங்கள். நீங்கள் நிரல் சொல்லிக்கொடுப்பவராக இருந்தால், அடுத்த முறை வகுத்தல் குறிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்காதீர்கள். ஒரு முழு வகுப்பைக் கொடுங்கள்.